கார்த்திகைக்குப் பிறகும் மழை: ஏழு கண்மாய்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்கண்மாய் தொடங்கிக் கடைசி ஏந்தல் என்கிற சின்னக் கண்மாய் வரை ஒரே வரத்துத் தண்ணீரை நம்பியிருக்கிற ஏழு ஊர்ச் சங்கத் தலைவர்களுக்கும், பெரியவர்களுக்கும், மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சிகளுக்கும், பட்டாவில் பேர் இல்லாவிட்டாலும் வயலில் நிற்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் ஐந்தாம் கண்மாய்க்காரன் வணக்கத்தோடு எழுதுவது.

நாம் அந்நியர்கள் இல்லை. பொண்ணு கொடுத்து எடுத்த ஊர்கள். என் அத்தை வாக்கப்பட்டது இரண்டாம் கண்மாய் ஊரில். என் தங்கை இருப்பது ஆறாம் கண்மாய் ஊரில். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் ஐப்பசி பிறந்து வரத்துக்காலில் தண்ணீர் தலை காட்டியதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மண் தெரியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக நாலு வரி. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் ஆறு என்பது வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். வெள்ளாமை கண்மாயை, அதாவது ஏரியை நம்பித்தான். ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கல்கட்டான கலுங்கு வழியாக மறுகால் போகும். அந்த மறுகால்தான் அடுத்த ஊருக்கு வரத்துக்கால். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. வரைபடத்தில் பார்த்தால் ஏழு கண்மாயும் ஏழு நீலத் திட்டுகள். தண்ணீரைக் கேட்டால் ஒரே கண்மாய், ஏழு படி என்று சொல்லும்.

கலுங்கில் வரிசையாக நட்டிருக்கிற கருங்கற்களைக் குளிக்கப் போகும்போது எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருக்கும். சின்ன வயதில் அது துணி துவைக்கப் போட்ட கல் என்றுதான் நினைத்திருந்தேன். பிற்பாடு எங்கள் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா சொன்னார். மழைக்காலம் முழுக்க அந்த இடைவெளி திறந்தே கிடக்க வேண்டும், வெள்ளம் வந்தால் போக வழி வேண்டுமே. மழை ஓய்ந்தது என்று உறுதியான பிறகுதான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வைக்கோல் பிரியும் புல்கரணையும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். கடைசியாக வருகிற தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்கு அந்தக் கூடுதல்தான் கைகொடுக்கும்.

எப்போது அடைப்பது? அதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை. கர்ணனுக்குப் பிறகு கொடையுமில்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையுமில்லை. அவ்வளவுதான் சட்டம். கார்த்திகை கழிந்தது, அடை. மேல் ஊர்க்காரனும் அதே பழமொழியைத்தான் நம்பினான், கீழ் ஊர்க்காரனும் அதைத்தான் நம்பினான். பேசாமலே ஏழு ஊரும் ஒழுங்காக நடந்துகொண்டதற்கு அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்பது காரணமில்லை. எல்லார் வீட்டிலும் ஒரே நாட்காட்டி தொங்கியது, அதுதான் காரணம்.

அந்த நாட்காட்டி இப்போது நம்மோடு இல்லை.

2023 டிசம்பர் 17-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று மார்கழி 1. கார்த்திகை முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் வரிசையாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. அது தாமிரபரணிக்காரர்கள் பாடு என்று நாம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எழுந்து போனோம். 2024 நவம்பர் 20-ல் நம் மாவட்டத்துக்கே வந்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். பாம்பனில் 28, அதிலும் பெரும்பகுதி மூன்று மணி நேரத்தில்.

இதற்கு நேர் எதிராக 2016. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். 2021 ஜனவரியில் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற நெல் வயலிலேயே முளைத்தது, நம் பக்கத்து மிளகாய்ச் செடி வேரழுகிப் போனது. நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் குறியீடு வாங்கிய செடியானாலும் காலடியில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் தாங்காது.

பருவநிலை மாற்றம் என்று படித்தவர்கள் சொல்வதற்கு நம் கலுங்கடியில் அர்த்தம் இதுதான்: எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று இனி மாதம் சொல்லாது. நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

முதலில் எங்கள் ஊர்க் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்கழி இரவில் எங்கள் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினோம். நானும் மூட்டை தூக்கியவன்தான். கல் இடைவெளியில் பிரியும் களிமண்ணும் வைத்து அடைத்தால் வெள்ளம் வந்ததும் கரைந்து அதுவாகவே வழி விட்டுவிடும். பிளாஸ்டிக் சாக்கு மூட்டை அப்படிக் கரையாது. நாங்கள் அடுக்கியது அரை அடி உயரம். வெறும் அரை அடி என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்ப்பரப்பு 100 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அரை அடிக்கு ஏறக்குறைய 22 லட்சம் கன அடி. வாய்க்காலில் இழப்பதை விட்டுவிட்டால், வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினாலும் 300 ஏக்கருக்கு ஒரு தடவை பாயும். ஆசை யாரை விட்டது?

ஐந்தாம் நாள் ராத்திரி மேலே எங்கேயோ நல்ல மழை. எங்கள் கரை ஈரம் கண்டு ஒரு இடத்தில் உள்வாங்கத் தொடங்கியதும் பதறிப்போய் மூட்டைகளை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தோம். அவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் ஆறாம் கண்மாய்க்குப் போய், அங்கே கரை உடைந்தது. எங்கள் கரை தப்பியது. அவர்களுடைய நடவு போயிற்று. யாரும் அவர்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. என் தங்கை வீட்டுக்காரர்தான் மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "மச்சான், திறக்கப்போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் எங்க கலுங்கைத் திறந்து வச்சிருப்போம்ல?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அவர் சாதாரணமாகக் கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, இப்போது மேலே உள்ளவர்களிடம் வருகிறேன்.

மேல்கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயைப் பயிர் வைத்துப் பிடித்திருக்கிறவர்கள், கண்மாய் முக்கால் நிறைவதற்குள் தங்கள் பயிர் முங்கிவிடும் என்று ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிடுகிறார்கள். கண்மாய் பாய்கிற ஆயக்கட்டு வயல்களுக்குத் தேவையே இல்லாத நேரத்தில் தண்ணீர் வீணாக ஓடுகிறது. இரண்டாம் கண்மாயிலும் மூன்றாம் கண்மாயிலும் கதை நேர் மாறு. அங்கே பம்புசெட் வைத்திருக்கிறவர்கள் மடையைத் திறக்க விடுவதில்லை. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும், மின்சாரம் வேறு இலவசம். கிணறு இல்லாதவன் பயிர் பத்து அடி தள்ளிக் காய்கிறது. கண்மாய் எல்லாருக்கும் பொது, அதன் ஊற்று மட்டும் மோட்டார் உள்ளவனுக்கு என்று ஆகிவிட்டது. மோட்டார் வைத்தவர்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. 2016-ல் அந்தக் கிணறுகள்தான் பல வீட்டைக் காப்பாற்றின. ஆனால் எவ்வளவு நாள் மடை மூடியிருக்கும், எந்த நாள் திறக்கும் என்பதைக் கிணற்றுக்காரரும் கிணறு இல்லாதவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு பண்ண வேண்டும்.

அதிகாரிகளுக்கும் இந்த மடல் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் ஒன்று சொல்கிறேன். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அது நீர்வளத்துறைக் கண்மாய், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். நம் ஏழில் நான்கு அங்கே, மூன்று இங்கே. வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த்துறைக்குப் போக வேண்டும். ஒரே தண்ணீர் ஏழு ஊரைத் தாண்டுவதற்குள் மூன்று இலாகா மாறுகிறது. பேருந்துகூட இத்தனை தடவை மாற வேண்டியதில்லை.

2017-ல் குடிமராமத்துத் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம் வந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்களைச் சீரமைக்க எடுத்துக்கொண்டது. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் சங்கிலியிலும் இரண்டு கண்மாய்க்குக் கரை உயர்ந்தது, மடை புதிதானது. ஆனால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருக்கிற வரத்துக்கால் சீமைக்கருவேல் மண்டி அப்படியே கிடக்கிறது, ஏனென்றால் அது எந்தக் கண்மாயின் மதிப்பீட்டிலும் வரவில்லை. தொண்டையை அடைத்துவிட்டு வயிற்றை மட்டும் பெரிதாக்கி என்ன பிரயோஜனம்? மதிப்பீடு போடுகிற பொறியாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கண்மாய்க்குக் கண்மாய் தனியாகப் போடாதீர்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மதிப்பீடாகப் போடுங்கள். ஒரு கலுங்கை உயர்த்துவதற்கு முன்னால் அடுத்த ஊர்க் கரையை ஒரு தடவை நடந்து பாருங்கள்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமலும் இல்லை. விவசாயிகளே பாசன அமைப்பை நிர்வகிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2000-த்திலேயே சட்டம் போட்டாயிற்று. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கும் மேல் திட்டக் குழு என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதல் படியோடு நாம் நின்றுவிட்டோம். சங்கம் என்றால் பெயர்ப்பலகை, தலைவர் தேர்தல், ஒப்பந்த வேலை என்று ஆகிப்போனது.

இனி நீர்பாய்ச்சி. எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம் இதுதான்.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா கண்மாய்க்குள் காலை வைத்தே தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடுவார். கரையில் எந்த இடத்தில் நண்டு வளை இருக்கிறது, எந்த மடையில் கசிவு, எந்த வயலுக்குக் கடைசித் தண்ணீர் பாய்ந்து எத்தனை நாள் ஆயிற்று, எல்லாம் அவருக்கு மனப்பாடம். சொந்தக்காரன் வயல் என்று அரை நாழிகை கூட விட மாட்டார். அறுப்புக் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். களம் போய் அறுப்பு இயந்திரம் வந்தது. அளக்கிறதும் நின்றுபோனது. அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். நான் அவனாக இருந்தாலும் போயிருப்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் நீர்பாய்ச்சி வேலை பார்த்தவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக வைக்கப்பட்ட சாதிக்காரர்கள். மடையைத் திறக்கிற கை அவர்களுடையது, ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் அவர்களுக்கு இல்லை. பழைய ஏற்பாடு பொற்காலம் என்று யாராவது பேசினால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதனால் பழையபடி திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறிவு வேண்டும், அந்த ஒதுக்கல் வேண்டாம். நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் வேண்டும், குழுவில் ஓட்டும் வேண்டும்.

இப்போது எங்கள் பெரிய மடையில் ஷட்டர் இருக்கிறது, சுற்றுகிற சக்கரம் இல்லை. யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். போன வருஷம் குறடை வைத்து நாலு பேர் திருகினோம், பாதியில் மாட்டிக்கொண்டது. மிச்ச இடைவெளியை வைக்கோலும் சாக்கும் திணித்து அடைத்தோம். ஒரு சக்கரத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். நிதி ஒதுக்கீடு வரட்டும் என்றார்கள். பொறுப்பாக ஒரு ஆள் சம்பளத்தோடு இருந்திருந்தால் முதலில் அந்தச் சக்கரமே காணாமல் போயிருக்காது.

சம்பளத்துக்குப் பணம் எங்கே என்பீர்கள். மீன் பிடிக்கிற உரிமையான மீன்பாசியை ஏலம் எடுக்கிறார்கள், கருவேல மரம் ஏலம் போகிறது. கண்மாயில் விளைந்த பணத்தில் ஒரு பங்காவது கண்மாய்க்குத் திரும்ப வரட்டும். அரசாங்கம் இதற்கு ஓர் ஆணை போட்டால் போதும். மேல்கண்மாயில் மீன் குத்தகை நல்ல விலைக்குப் போகிறது, கடைசி ஏந்தலில் மூன்று மாதம்கூடத் தண்ணீர் நிற்பதில்லை. ஆகவே ஏழு கண்மாய்ப் பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு ஏழு நீர்பாய்ச்சிக்கும் ஒரே சம்பளம். மேல் ஊர்க்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பீர்கள், தெரியும். கீழே உள்ளவன் கரை உறுதியாக இருந்தால்தான் நீங்கள் பயமில்லாமல் திறந்துவிட முடியும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நான் கற்பனையில் பேசவில்லை. மதுரைப் பக்கம் 1990-களிலிருந்து தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து, கண்மாய்த் தொடரையே ஒன்றாக எடுத்து வேலை செய்திருக்கிறது. ஆந்திராவில் 2000-களில் வறட்சி மாவட்டங்கள் ஏழில் விவசாயிகளே மழைமானி வைத்து அளந்தார்கள், கிணற்று மட்டத்தைப் பார்த்து ஊர்ச் சுவரில் எழுதினார்கள். பருவம் தொடங்குவதற்கு முன் எல்லாரும் கூடி, நிலத்தடியில் இவ்வளவு இருக்கிறது, நெல் போட்டால் இவ்வளவு ஆகும், கடலை போட்டால் இவ்வளவு ஆகும் என்று வரவு செலவு போட்டார்கள். யாரையும் எதையும் போடாதே என்று தடுக்கவில்லை. கணக்கைப் பார்த்து அவரவரே நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். நம் ஏழு ஊரில் எழுதத் தெரியாதவர்கள் இன்று எத்தனை பேர்? வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புகிற நேரத்தில் கலுங்குக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி என்று ஒரு படம் எடுத்துப் போட முடியாதா?

ஆகவே நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒவ்வொரு கலுங்கடியிலும் அடிக்கணக்கு எழுதிய ஓர் அளவுக்கல், ஏழு ஊருக்கும் ஒரே வண்ணத்தில். ஐப்பசி முதல் தை வரை ஏழு நீர்பாய்ச்சியும் இருக்கிற ஒரே வாட்ஸப் குழு, காலையும் மாலையும் மட்டம், மழை நாளில் மணிக்கொரு தடவை. மேலே ஒரு மடையையோ கலுங்கையோ திறப்பதற்கு முன்னால் கீழே உள்ளவருக்குச் சொல்லிவிட்டுத்தான் திறப்பது. அதைச் சொல்லாதவன் அடுத்த வருஷம் மீன் பங்கு கேட்கக் கூடாது. கலுங்கில் பிளாஸ்டிக் சாக்கு கிடையாது, அடைப்பதானால் பழையபடி பிரியும் களிமண்ணும், அதுவும் ஏழு ஊரும் வானிலை அறிக்கையைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு.

அப்புறம் புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு முன்னால் ஒரு கூட்டம், கார்த்திகை நடுவில் இன்னொரு கூட்டம். கார்த்திகைக் கூட்டம்தான் கஷ்டமான கூட்டம். கண்மாய் பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் கடைசி இரண்டு ஊருக்கும் எத்தனை தண்ணீர் விடுவது என்று அன்றைக்கே பேச வேண்டும், பயிர் காய்ந்த பிறகு பஞ்சாயத்து வைத்து லாபமில்லை. இந்தக் கூட்டத்துக்குப் பட்டாதாரர் மட்டும் வந்தால் போதாது. பட்டா மாமனார் பேரில் இருக்கும், அவர் படுக்கையில் இருப்பார், கணவர் சிங்கப்பூரில் இருப்பார், மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பது மருமகளாக இருக்கும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

ஆறாம் கண்மாய்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வருஷம் உங்கள் கரை உடைந்ததற்கு நாங்கள்தான் காரணம் என்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் போன மாதம்தான் வாய்விட்டுச் சொன்னோம். அதற்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மிச்சமிருந்த மணல் மூட்டைகளைக் கலுங்கிலிருந்து எடுத்துவிட்டோம். வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கலுங்கடி ஆலமரத்துக்கு ஏழு ஊரிலிருந்தும் வாருங்கள். ஊருக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் நீர்பாய்ச்சி, இரண்டு பேர் பெண்கள். உங்கள் கலுங்கின் உயரத்தை ஒரு கம்பில் அளந்து குறித்துக் கையோடு கொண்டுவாருங்கள். இட்லியும் டீயும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஐந்தாம் கண்மாய்க்காரன்